நொச்சி சூடிய வீரர்

பகைவனுடைய கோட்டையை வளைத்து நிற்கும் மறவர் உழிஞைப் பூவைச் சூடுவர் என்றும், அக்கோட்டையினுள்ளே நின்று மதிலைக் காக்கும் மறவர் நொச்சிப் பூவைச் சூடுவர் என்றும் புறப்பொருள் வெண்பாமாலை கூறும். அந்நூலை இயற்றிய ஐயனாரிதனார் இவ்விரு சாராருக்கும் தனித்தனியே திணை வகுத்தார். அவருக்கு நெடுங்காலம் முந்திய தொல்காப்பியரோ, முற்றுதலையும் காத்தலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கிவிட்டார். காப்போர்க்கெனத் தனித் திணை அவர் நூலில் இல்லை. இலக்கணத்திலே கூடத் தாக்கியவனுக்கே முதலிற் பெயர் கிடைத்தது. தடுத்தவன் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த ஓரவஞ்சனை தமிழருக்கு மட்டும் உரியதென்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. எதையும் எண்ணி, நிறுத்து, பட்டியலிட்டு வைக்கும் ஐக்கிய அமெரிக்க மக்களும் தங்கள் தேசிய விளையாட்டிலே தடுத்தவனை நெடுங்காலம் மறந்தே இருந்தனர். அவர்கள் தங்கள் மறதியைத் திருத்திக்கொண்ட வகையையும், அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு மனிதரின் வரலாற்றையும் இவ்வாரம் கூற விரும்புகின்றோம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது நாம் அப்பெயரால் அறிந்த விளையாட்டன்று. காலாற் பந்தை உதைப்பது அதிலே அரிதாகவே நிகழும். கொழும்பிலும் கண்டியிலும் நம்மவர் திரண்டு சென்று பார்க்கும் றகர் ஆட்டத்துக்கு அதனை ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். பந்தும் அவ்வாறே இருமுனையும் கூம்பியது. எல்லைக்கோட்டுக்கு எல்லைக்கோடு 100 யார் நீளமான மைதானம், பக்கத்துக்குப் பதினொருவர். பந்தைக் கையில் வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரமேனும் முன்னேறுதல் வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். இவ்வாறு அங்குலம் அங்குலமாக நகர்ந்து எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். தலையிலே கவசம், தோளிலே கவசம், தொடையிலே கவசம் என்று அவர்கள் அணிந்து வரும் கோலத்தைக் கண்டால், விளையாட வருகின்றனரோ போருக்கு வருகின்றனரோ என்ற ஐயம் உண்டாகும்.

பந்தை வைத்திருப்பவரின் வேலை பல வகைப்படும்: எறிதல், ஏந்துதல், ஓடுதல், ஓடுபவனுக்கு வழி திறத்தல். எதிர்த்து நிற்பவரின் வேலையோ ஒன்றே ஒன்று. விடாமை.

எண்ணக்கூடிய வேலைக்கே உலகம் பரிசு கொடுக்கும். எறிந்தவன் எத்தனை யார் எறிந்தான், ஓடியவன் எத்தனை யார் ஓடினான் என்பவற்றுக்குக் கணக்குண்டு. நடவாமற் போன காரியத்துக்குக் கணக்கு எங்கே? எதிரி ஓடக்கூடிய வழியை முன்னரே உணர்ந்து ஒருவன் அங்கே போய் நின்றுகொள்கிறான். எதிரி அவனைக் கண்டு வேறு வழியே திரும்புகிறான். அங்கே வேறொருவன் அவனைப் பிடித்து வீழ்த்துகிறான். வீழ்த்தியவன் பெயர் புத்தகத்தில் ஏறும். வழியை அடைத்தவன் பெயர் ஏறாது. வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சல் வராதபடி பார்த்துக்கொண்ட தாய்க்கு எவரும் நன்றி கூறுவதில்லை. காய்ச்சல் வந்தபின் மருந்து கொடுத்த வைத்தியருக்கே எல்லா நன்றியும். எங்கள் பெண் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலே இவ்விளையாட்டுக்கு உயிர்நிலை சர்வகலாசாலைகளே. அங்கே ஆடும் மாணவருள் ஆண்டுதோறும் தலைசிறந்த ஒருவருக்கு 1935ஆம் ஆண்டு முதல் ஹைஸ்மன் விருது என்னும் பெரும் பரிசு வழங்கப்பட்டு வருகின்றது. தடுப்பாட்டத்தையே தன் முதற்றொழிலாகக் கொண்ட ஒருவர் அதனை முதன் முதலாகப் பெற்றது 1997ஆம் ஆண்டிலேதான். அவர் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்ள்ஸ் வூட்சன். இடையிலே கழிந்தவை 62 ஆண்டுகள்.

பிலடெல்பியா நகரிலே மக்ஸ்வெல் கழகம் என ஒரு சங்கம் உண்டு. 1935ஆம் ஆண்டில் பேர்ட் பெல் என்பவர் அதனைத் தோற்றுவித்தார். ரொபேட் மக்ஸ்வெல் என்னும் பழைய ஆட்டக்காரரின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். மக்ஸ்வெல் மலைபோன்ற சரீரமுடையவர். ஆகையால் நண்பர் அவரைச் 'சின்னவர்' என்று பொருள்படும் செல்லப்பெயரால் அழைத்தனர். நகைச்சுவை எத்தேசத்தும் ஒன்றே போலும். இக்கழகம் 1995ஆம் ஆண்டிலே ஒரு புதிய விருதை ஏற்படுத்தியது. சர்வகலாசாலைத் தடுப்பாட்டக்காரருள் அவ்வாண்டின் தலைசிறந்தவருக்கு அது உரியது. பயிற்றுநரும் விளையாட்டுச் செய்தியாளரும் கழக உறுப்பினரும் வாக்களித்து அவரைத் தெரிவர். அவ்விருதுக்கு இட்ட பெயர் சக் பெட்னாரிக் விருது. பெயருக்குரியவர் அப்பொழுது எழுபது வயதுக் கிழவராக, பென்சில்வேனியாவிலே உயிரோடிருந்தார்.

யார் இந்தப் பெட்னாரிக்? பென்சில்வேனியா மாகாணத்திலே பெத்லெகேம் என்றோர் ஊர் உண்டு. பெயர் புனிதமானது, தொழிலோ இரும்பு. பெத்லெகேம் உருக்குத் தொழிற்சாலையின் உலைகள் இரவு பகலாக எரிந்த ஊர் அது. ஸ்லோவாக்கியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் ஒன்றில், உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகனாக, 1925ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி சக் பெட்னாரிக் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரண்டாம் உலக யுத்தம் அவரை அழைத்தது. அமெரிக்க விமானப் படையிலே பி-24 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் விலாப்புறத்து இயந்திரத் துப்பாக்கி அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. குண்டு வீசுவது வேறொருவர் வேலை. சூழ்ந்து வரும் பகை விமானங்களை அண்டவிடாமல் தடுப்பது இவர் வேலை. இருபது வயது நிரம்புமுன்னரே ஜெர்மனியின் மீது 30 தடவை பறந்து, 30 தடவையும் உயிரோடு திரும்பினார். திரும்பாத தோழர் பலர். மைதானத்திலே எதற்கும் அஞ்சாதவர் என்று பிற்காலத்தில் அவரைப் புகழ்ந்தவர்கள் இந்த முப்பது பயணங்களை நினைத்துக்கொள்வது நன்று.

யுத்தம் ஓய்ந்தபின் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாச் சர்வகலாசாலையில் அவர் சேர்ந்தார். 1948ஆம் ஆண்டில் மேற்சொன்ன மக்ஸ்வெல் கழகத்தின் பழைய விருதைப் பெற்றார். 1949ஆம் ஆண்டுப் பருவத்துக்கெனத் தொழில்முறைக் கழகங்கள் மாணவருள் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபோது, நாடு முழுவதிலும் முதலாவதாகத் தெரியப்பட்டவர் அவரே. பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1962ஆம் ஆண்டு வரை, பதினான்கு பருவங்கள் அவர் வேறு கழகத்துக்குச் செல்லவில்லை. அப்பதினான்கு பருவங்களிலும் அவர் தவறவிட்ட போட்டிகள் மூன்றே.

அக்காலத்து ஆட்டக்காரருக்கு இன்றையோர் போலக் கோடி கோடியாகப் பணம் கிடைக்கவில்லை. பெட்னாரிக்குக்கு ஐந்து பெண்மக்கள். பருவம் முடிந்ததும் அவர் கொங்கிறீட் விற்கும் கம்பனி ஒன்றுக்காக வீடு வீடாக, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். பிலடெல்பியாப் பத்திரிகையாளர் ஒருவர் அதனைக் கொண்டு அவருக்குக் 'கொங்கிறீட் சார்ளி' என்று பெயர் சூட்டினார். அவரோடு மோதி விழுந்தவர்கள் அப்பெயருக்கு வேறு பொருள் கண்டுகொண்டனர்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் ஒரு மாற்றத்தைக் கூறாமல் மேலே செல்ல முடியாது. முற்காலத்திலே பதினொருவர் மைதானத்தில் இறங்கினால் அதே பதினொருவர்தாம் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். ஆட்டத்துக்கு 60 நிமிடங்கள். அறுபது நிமிடமும் நிற்க வல்லவனே ஆட்டக்காரன். 1950ஆம் ஆண்டு தொழில்முறைக் கழகங்களிலே ஆட்களை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி நிலைபெற்றது. அதன்பின் தாக்குவோர் ஒரு படை, தடுப்போர் வேறொரு படை என்றாயிற்று. தாக்குவோர் களைத்து வெளியேறத் தடுப்போர் உள்ளே வருவர். பெட்னாரிக் இரண்டு காலத்துக்கும் பொதுவாக நின்றவர். 1960ஆம் ஆண்டில் அவருக்கு வயது 35. தாக்கும் படையின் நடுவே நின்று பந்தைப் பின்னே கொடுப்பதே அவர் பணியாயிருந்தது. பருவத்தின் நடுவே தடுக்கும் படையில் ஒருவர் காயமுற்றார். அவர் இடத்தையும் பெட்னாரிக்கே ஏற்றார். முப்பத்தைந்து வயதிலே இருவர் வேலை!

அவ்வாண்டிலே நடந்த இரண்டு சம்பவங்கள்தாம் அவர் பெயரை நிலைநிறுத்தின.

முதலாவது, நவம்பர் 20ஆம் திகதி நியூயோர்க் நகரிலே நடந்தது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகத்தை ஈகிள்ஸ் எதிர்த்தது. ஜயன்ற்ஸ் கழகத்தின் கண்மணி பிராங் கிபோர்ட் என்பவர். அழகர், நல்ல பேச்சாளர், பத்திரிகை விளம்பரங்களிலே முகம் தோன்றுபவர். ஆட்டம் முடியுந் தறுவாய். ஈகிள்ஸ் 17, ஜயன்ற்ஸ் 10. கிபோர்ட் எறிபந்தை ஏந்திக்கொண்டு மைதானத்தின் நடுவே திரும்பினார். எதிரே வேகமாக வந்த பெட்னாரிக்கை அவர் கவனித்தாரில்லை. தோள் மார்பிலே மோதியது. கிபோர்ட் மல்லாந்து விழுந்தார். பந்து கையைவிட்டு நழுவியது. ஈகிள்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் அதன்மேல் விழுந்து கைப்பற்றினார். வெற்றி உறுதியாயிற்று. கிபோர்ட் மூர்ச்சையுற்றுக் கிடந்தார். அவரைத் தூக்குக் கட்டிலிலே வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மூளையிலே பலத்த அதிர்ச்சி என்றனர் வைத்தியர். அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலும், 1961ஆம் ஆண்டு முழுவதும் அவர் விளையாடவில்லை. 1962இலேதான் மீண்டும் மைதானத்துக்கு வந்தார்.

அந்தக் கணத்திலே ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. தரையிலே அசைவற்றுக் கிடக்கிறார் கிபோர்ட். அவர்மேல் நிழல்போல் நின்று, முட்டியை மடக்கி ஆர்ப்பரிக்கிறார் பெட்னாரிக். அமெரிக்க விளையாட்டு உலகிலே அப்படத்தை அறியாதவர் அரியர். பந்து கைக்கு வந்ததற்கே தாம் மகிழ்ந்ததாகவும், கிடந்தவரை அப்பொழுது கவனிக்கவே இல்லையென்றும் பெட்னாரிக் கடைசிவரை கூறினார். விதிக்கு மாறான அடியன்று என்று கிபோர்ட்டும் கூறினார். அவர் குறைகூறித் திரியவில்லை. இருவர் சொல்லையும் நாம் நம்பலாம். ஆயினும் படம் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தது.

இரண்டாவது சம்பவம் டிசெம்பர் 26ஆம் திகதி, சம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டியிலே நடந்தது. இடம் பிலடெல்பியாவின் பிராங்ளின் மைதானம். பெட்னாரிக் மாணவராக ஆடிய அதே மைதானம் அது. எதிரி கிறீன் பே பாக்கர்ஸ். அதன் பயிற்றுநர் வின்ஸ் லொம்பார்டி. பெட்னாரிக் அன்று 60 நிமிடங்களில் ஏறக்குறைய 58 நிமிடங்கள் மைதானத்திலே நின்றார். கடைசிக் கணங்களிலே ஈகிள்ஸ் 17, பாக்கர்ஸ் 13. மூன்று புள்ளி தரும் உதை பாக்கர்ஸுக்குப் பயன்படாது. எல்லைக்கோட்டைக் கடந்தே ஆகவேண்டும். பார்ட் ஸ்டார் எறிந்த பந்தை ஜிம் டெயிலர் ஏந்தினார். டெயிலர் காளைபோன்ற ஓட்டக்காரர். தடுத்தவர்களை உதறிக்கொண்டு அவர் ஓடினார். எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 யார் தூரமே இருந்தபொழுது பெட்னாரிக் அவரைக் கட்டிப் பிடித்தார். இருவரும் விழுந்தனர். விழுந்தவரை எழவிட்டால் இன்னொரு முயற்சிக்கு நேரம் கிடைத்துவிடலாம். ஆகவே கடிகாரம் ஓடி முடியும் வரை பெட்னாரிக் அவர்மேலிருந்து எழுந்தாரில்லை. முடிந்ததும் அவர் டெயிலரைப் பார்த்துக் கூறிய சொற்கள் குடும்பப் பகுதியில் அச்சிடத் தக்கன அல்ல. பிற்காலத்திலே பெரும் புகழ் பெற்ற லொம்பார்டி, பருவ இறுதிப் போட்டிகளிலே தோற்றது தம் வாழ்நாளில் அந்த ஒரு நாள் மட்டுமே.

எமக்கு இரண்டாவது சம்பவமே பெரிது. முதலாவதிலே பலம் இருந்தது; சந்தர்ப்பமும் உதவியது. இரண்டாவதிலே, ஒரு மணி நேரம் இரு வேலையும் செய்து களைத்த ஒரு மனிதர், தமக்குப் பின்னாலே வேறு காவல் அதிகம் இல்லை என்பதை அறிந்து, தம்மினும் இளையவனான ஒருவனை விழுத்தி, விழுத்தியவனைக் காயப்படுத்தாமற் பிடித்தும் வைத்திருந்தார். காத்தல் என்பது இதுவன்றோ? ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது கிபோர்ட் கிடந்த படத்தையே. தடுத்தவனுக்குப் புகழ் வந்தபொழுதும், விழுந்தவனுடைய உடலை அளவுகோலாகக் கொண்டே வந்தது.

1962இல் ஓய்வுபெற்ற பெட்னாரிக்குக்கு 1967ஆம் ஆண்டில் ஆட்ட உலகின் புகழ் மண்டபத்திலே இடம் கிடைத்தது. முதுமையிலே அவர் நாவடக்கம் அதிகம் உடையவராக இருந்தாரல்லர். பின்வந்த தலைமுறையின் கொழுத்த சம்பளமும் குறைந்த வேலையும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1996ஆம் ஆண்டிலே டியோன் சாண்டர்ஸ் என்னும் பேர்பெற்ற தடுப்பாட்டக்காரர் தாக்கும் பக்கத்திலும் ஆடத் தொடங்கியபோது, ஊரார் இவரோடு அவரை ஒப்பிட்டனர். கிழவர் ஏளனமாக மறுத்துவிட்டார்.

இனி விருதுக்கு வருவோம். 1995, 1996 ஆகிய முதல் இரண்டாண்டும் அதனைப் பெற்றவர் நோர்த்வெஸ்டேண் சர்வகலாசாலையின் பற் பிற்ஸ்ஜெரல்ட். அடுத்தது, ஹைஸ்மனும் பெற்ற வூட்சன். பின்னர் வந்தோர் பட்டியல் நீளமானது. அதனை இங்கே ஒப்புவிக்க நாம் விரும்பவில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

1975ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே சைகோன் நகர் வீழ்ந்தது. வியட்நாம் கரையோரத்திலிருந்து படகுகளிலே தப்பியோடியவருள் ஒரு குடும்பம் இருந்தது. தாய் கர்ப்பவதி. பல இடம் அலைந்து அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாகாணத்திலே சாபி கோட்டை என்னும் அகதி முகாமை அவர்கள் அடைந்தனர். அம்முகாமிலே, அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. டாட் நுயென் என்பது அவர் பெயர். குடும்பம் பின்னர் டெக்சஸ் மாகாணத்துக் கடற்கரையிலே ரொக்போர்ட் என்னும் ஊரிலே குடியேறி, இறால் பிடிக்கும் தொழிலை மேற்கொண்டது. அக்கரையிலே வியட்நாமிய மீனவருக்கு நல்வரவு கிடைத்ததென்று சொல்ல முடியாது. 1979ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் அவர்களுடைய படகுகள் எரிக்கப்பட்டன. கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இன வெறியர் முகமூடியோடு வந்து பயமுறுத்தினர். 1981ஆம் ஆண்டிலே வியட்நாமிய மீனவர் சங்கம் வழக்காடி, நீதிமன்றத் தடையுத்தரவு பெற்ற பின்னரே அவ்வட்டூழியம் அடங்கியது. கடலையும் அகதி முகாமையும் அறிந்த நம் நாட்டு வாசகருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

அந்தக் கரையிலே வளர்ந்த பையன் டெக்சஸ் ஏ. அன்ட் எம். சர்வகலாசாலையிலே சேர்ந்தான். ஆறடி உயரமும் இல்லை. முன்வரிசைக்குப் பின்னே நின்று ஓட்டக்காரரை மடக்கும் காவலனுக்கு அவ்வுடல் போதாதென்பது பலருடைய கருத்து. ஓட்டம் எத்திசை திரும்பும் என்பதைத் திரும்புமுன்னரே அறியும் கண் அவனுக்கு இருந்தது. அச்சர்வகலாசாலை வரலாற்றிலே வேறெவரும் அத்தனை பேரை மடக்கியதில்லை. அவன் கணக்கு 517. 1998ஆம் ஆண்டிலே பெட்னாரிக் விருது டாட் நுயெனுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டிலே லொம்பார்டியின் பெயரால் வழங்கப்படும் விருதும் அவருக்கே கிடைத்தது. 1960இலே பிராங்ளின் மைதானத்தின் இரு கரையிலும் எதிரெதிரே நின்ற இருவரின் பெயரும், அகதி முகாமிலே பிறந்த ஒருவர் வீட்டிலே ஒன்றாக வந்து சேர்ந்தன. பின்னர் டலஸ் கழகத்திலே ஆடி, தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிய முதல் வியட்நாமிய வழித்தோன்றல் என்ற பெயரையும் அவர் பெற்றார். உருக்குத் தொழிலாளியின் மகன் பெயரிலுள்ள பரிசு இறால் பிடிப்பவரின் மகனைச் சென்றடைந்தது பொருத்தமேயாகும்.

வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. 2024ஆம் ஆண்டிலே இவ்விருதைப் பெற்றவர் கொலராடோச் சர்வகலாசாலையின் டிராவிஸ் ஹண்டர். அவர் தாக்கும் பக்கத்திலும் தடுக்கும் பக்கத்திலும் ஒருங்கே ஆடியவர். அவ்வாண்டு ஹைஸ்மன் விருதும் அவருக்கே. அவருடைய பயிற்றுநர் யார் தெரியுமோ? பெட்னாரிக் ஏளனம் செய்த அதே டியோன் சாண்டர்ஸ். கிழவர் காலமாகி அப்பொழுது ஒன்பதாண்டு கழிந்துவிட்டது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதுவும் அச்சிடத் தக்கதாய் இருந்திராது.

பெட்னாரிக் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் திகதி, 89ஆம் வயதிலே இறந்தார். சிறிது காலம் நோயுற்றிருந்ததாக அவருடைய கழகம் அறிவித்தது. புதல்வியருள் ஒருவர் அதனை மறுத்துரைத்தார். தந்தையார் நெடுங்காலமாக நினைவிழந்து வருந்தினார் என்றும், மைதானத்திலே பட்ட அடிகளே அதற்குக் காரணமாயின என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கிபோர்ட்டும் இறந்தார். அவருடைய குடும்பத்தார் அவரது மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தனர். அவருக்கிருந்தது தலையிலே திரும்பத் திரும்ப அடிபடுவோருக்கு உண்டாகும் மூளை நலிவு நோய் என்று அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே வெளியிட்டனர். யான்கி மைதானத்திலே அவர் விழுந்து கிடந்ததும் ஒரு நவம்பர் மாதத்திலேதான். இடையிலே 55 ஆண்டுகள்.

அந்த ஓர் அடிதான் நோயைத் தந்தது என்று கூறுவது தவறு. தொழில்முறை ஆட்டக்காரருள் இந்நோயை முதன்முதலாக, 2002ஆம் ஆண்டிலே பிற்ஸ்பேர்க் நகரில் மைக் வெப்ஸ்டர் என்பவரின் மூளையிலே கண்டவர், நைஜீரியாவிற் பிறந்த வைத்தியர் பெனற் ஒமாலு. வெப்ஸ்டரும் பெட்னாரிக்கைப் போல நடுவே நின்று பந்து கொடுத்தவரே. ஒரு பெரிய அடியினும், பருவத்துக்குப் பருவம் ஆயிரக் கணக்கிலே படும் சிறிய அடிகளே மூளையை அரிக்கின்றன என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் கருத்து. 2017ஆம் ஆண்டிலே பொஸ்ரன் சர்வகலாசாலையார் தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேரின் மூளையைச் சோதித்து, 110 பேரிடம் இந்நோயின் அடையாளத்தைக் கண்டனர். சந்தேகம் கொண்ட குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையைக் கொடுப்பர்; ஆகையால் ஆடுவோர் அனைவருக்கும் அக்கணக்கைப் பொருத்துவது நேர்மையன்று. எனினும், மகனுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுக்கப் போகும் எந்தத் தாய்க்கும் அவ்வெண் எளிதில் மறக்கத் தக்கதன்று.

பெட்னாரிக் விருது பெறுவோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களைப் பாராட்டுவதை நிறுத்தவேண்டும் என்று நாம் கூறமாட்டோம். காப்போர்க்கு நெடுங்காலம் கழித்தே ஒரு பூக் கிடைத்தது. எந்தக் காரியத்துக்காக அதனைச் சூட்டுகின்றோம் என்பதே கேள்வி. 2013ஆம் ஆண்டு முதல், எதிரியின் தலையைக் குறிவைத்து மோதும் மாணவனை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதி சர்வகலாசாலைப் போட்டிகளிலே நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்குப்பின் விருது பெற்றவர்கள் டெயிலரைப் பிடித்த முறையிலே பிடிக்கப் பழகவேண்டியவராயினர்.

இதிலே முன்சென்றது டார்ட்மத் கல்லூரி. 2010ஆம் ஆண்டு முதலே அதன் பயிற்றுநர், பயிற்சி நாட்களில் மாணவர் ஒருவரை ஒருவர் வீழ்த்தலாகாது என்று கட்டளையிட்டார். அப்படியானால் வீழ்த்தப் பழகுவது எப்படி என்று கேட்டோருக்கு, அக்கல்லூரியின் பொறியியல் மாணவர் விடை கண்டனர். ஆள் உயரமுள்ள மெத்தைப் பொம்மை ஒன்றை அவர்கள் ஆக்கினர். தூரத்திலிருந்து இயக்க, அது ஓட்டக்காரன் போல ஓடும், திரும்பும். வீழ்த்தினால் தானே எழுந்து நிற்கும். 2016ஆம் ஆண்டிலே டார்ட்மத் சேர்ந்துள்ள எட்டுக் கல்லூரிகளின் பயிற்றுநரும் பருவகாலப் பயிற்சிகளிலே ஆளை ஆள் வீழ்த்துவதை ஒருமனதாக விலக்கினர். அவ்வெட்டினுள் ஒன்று, கொங்கிறீட் சார்ளி பயின்ற பென்சில்வேனியாச் சர்வகலாசாலை.